வேதியியலாளரின் கை எப்போது விலகும்?

ஓர் ஆர்.என்.ஏ இழையை அச்சாக வைத்து, அதற்கு இணையான மறு இழையை நொதி எதுவும் இல்லாமலே வளர்க்க முடியும். லெஸ்லி ஆர்கெல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் பல ஆண்டுகள் இதற்காக உழைத்து, 1980களின் தொடக்கத்தில் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டினார். சைட்டோசின் மட்டுமே கோத்த நீண்ட இழையை அவர் அச்சாக எடுத்துக்கொண்டார். குவானின் நியூக்ளியோடைடுகளின் பாஸ்பேட்டில் 2-மெத்தில் இமிடசோல் என்ற சிறு மூலக்கூறை இணைத்து, அவற்றை வினைக்குத் தயாராக்கினார். அவை அச்சின்மேல் வரிசையாக அமர்ந்து, தாமாகவே ஒன்றோடொன்று பிணைந்தன. ஆனால் ஆர்.என்.ஏவின் எழுத்துகளான நான்கு வகை நியூக்ளியோடைடுகளும் கலந்த இழையை அச்சாக வைத்தபோது வளர்ச்சி தடுமாறி நின்றுவிட்டது. அந்த இடத்திலிருந்து ஒரு சிறிய ஆய்வுச் சமூகம் நாற்பது ஆண்டுகளாக முன்னேற முயன்றுவருகிறது. கொழுப்பு அமிலச் சவ்வாலான நுண்ணிய பைக்குள் இந்த நகலெடுப்பை நடத்தி, தானே வளர்ந்து பிரியும் செயற்கைச் செல்லை உருவாக்குவதே இன்று அதன் இலக்கு.

நொதியை ஏன் விலக்க வேண்டும்? ஈ.கோலை பாக்டீரியாவின் நொதி ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகளைப் படித்து நகலெடுக்கிறது. செயற்கைச் செல் வேண்டுமென்றால் அப்படிப்பட்ட நொதிகளையே எடுத்து நிரப்பலாமே என்று கேட்பது நியாயம்தான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் கிறிஸ்டோஃப் டனெலோனின் குழு அந்த வழியில்தான் போனது. ஃபை29 என்ற வைரஸின் மரபணுக்களைக் கொழுப்புப் பைக்குள் வைத்து, அவை உருவாக்கிய புரதங்களைக் கொண்டே அதே டி.என்.ஏ நகலெடுக்கப்படுவதை 2018இல் காட்டியது. கிரெய்க் வென்டரின் நிறுவனம் 2016இல் 473 மரபணுக்கள் மட்டுமே கொண்ட பாக்டீரியாவை உருவாக்கியது. ஆயினும் செய்து முடித்த மரபுத்தொகுதியை உயிருள்ள வேறொரு செல்லுக்குள்தான் வைக்க வேண்டியிருந்தது. இரண்டும் பெரிய சாதனைகள். ஆனால் இரண்டுமே பரிணாமம் முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகச் செதுக்கித் தந்த கருவிகளைக் கடனாக வாங்கியவை. நொதியை ஆக்குவதற்கு மரபணு வேண்டும், மரபணுவை நகலெடுப்பதற்கு நொதி வேண்டும் என்ற முடிச்சை அவை தொடவே இல்லை. ஜாக் ஷோஸ்டாக், டேவிட் பார்ட்டெல், பியர் லூயிஜி லூயிசி ஆகிய மூவரும் 2001இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை அந்த முடிச்சையே நேராகப் பிடித்தது. வளரும் சவ்வும், தன்னைத்தானே நகலெடுக்கும் மரபு மூலக்கூறும் ஒன்றுசேர்ந்தால் டார்வினியப் பரிணாமம் தொடங்கிவிடும் என்பது அவர்கள் வாதம். அந்த முடிச்சை நேராக எதிர்கொள்வதால்தான் இந்த முறையை நான் மதிக்கிறேன்.

இதன் வேதியியல் கண்ட முன்னேற்றம் உண்மையிலேயே வியப்புக்குரியது. 2011இல் ஜெர்மனியின் கிளெமென்ஸ் ரிஷெர்ட் குழு, திடப்பரப்பில் பொருத்திய ஆர்.என்.ஏ அச்சில் நான்கு எழுத்துகளையும் நகலெடுத்துக் காட்டியது. வினை நடக்கும் விதமே 2016 வாக்கில்தான் தெளிவானது. வினைக்குத் தயாரான இரண்டு நியூக்ளியோடைடுகள் முதலில் இமிடசோல் பாலத்தால் தமக்குள் இணைகின்றன. அந்த இரட்டை மூலக்கூறு அச்சின்மேல் இரண்டு எழுத்துகளில் பிடித்து உட்கார்கிறது. அதன் பிறகே வளரும் இழையோடு சேர்கிறது. அதுவரை சேரும் எழுத்தைத் தனி எழுத்தாகவே கருதிவந்தவர்களுக்கு, பக்கத்து எழுத்து ஏன் அவ்வளவு உதவுகிறது என்ற நெடுநாள் புதிர் விளங்கியது. 2017இல் மெத்தில் குழுவின் இடத்தில் அமினோ குழுவைக் கொண்ட 2-அமினோ இமிடசோல் வந்ததும் அந்தப் பாலம் எளிதில் உருவாகி நிலைத்தது. வேகமும் வெகுவாகக் கூடியது.

சவ்வின் பக்கத்தில் ஒரு முரண்பாடு இருந்தது. நகலெடுப்புக்கு மக்னீசியம் அயனிகள் தாராளமாக வேண்டும். அந்த அளவு மக்னீசியத்தில் கொழுப்பு அமிலப் பைகள் சிதைந்து படிந்துவிடும். 2013இல் கடார்சினா ஆடமாலாவும் ஷோஸ்டாக்கும் சிட்ரேட்டைச் சேர்த்தார்கள். அது மக்னீசியத்தைப் பிடித்துவைத்து, சவ்வைக் காத்து, ஆர்.என்.ஏவுக்கும் வேண்டியதை விட்டுக்கொடுத்தது. பைக்குள் ஆர்.என்.ஏ நகல் வளர்ந்தது. ஆனால் ஆதிப் பூமியில் அவ்வளவு சிட்ரேட் எங்கிருந்து கிடைத்திருக்கும்? ஆய்வாளர்களையே உறுத்திய கேள்வி இது. செயற்கைச் செல் மட்டும் நோக்கமென்றால் சிட்ரேட்டைக் குறைசொல்ல எதுவுமில்லை. உயிரின் தொடக்கத்தை விளக்குவது நோக்கமென்றால் அது பெரிய இடைவெளி. இந்த இரண்டு நோக்கங்களையும் ஒரே கட்டுரையில் கலந்து, எது வசதியோ அதன் அளவுகோலால் வெற்றியை அளப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிறது. என் முதல் மறுப்பு இதுவே.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. இதுவரை வந்த வெற்றிகளில் மிகப் பல பாதி வட்டம்தான். அச்சிலிருந்து மறு இழை உருவாகிறது. அந்த மறு இழையிலிருந்து மூல இழை மீண்டும் உருவானால்தான் மரபு தொடரும். அதற்கு முதலில் இரண்டும் பிரிய வேண்டும். மக்னீசியம் நிறைந்த நீரில் சில பத்து எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ இரட்டை இழைகள், ஈரத்தில் ஒட்டிக்கொண்ட கண்ணாடித் தகடுகளைப் போல, கொதிநிலையை நெருங்கினாலும் பிரிய மறுக்கின்றன. அந்த வெப்பத்தில் மக்னீசியமே ஆர்.என்.ஏவை அறுக்கவும் தொடங்குகிறது. எப்படியோ பிரித்தாலும், குளிர்ந்ததும் அவை விரைவில் மறுபடி சேர்ந்துவிடும். நகலெடுப்புக்கோ மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் ஆகும். போட்டியில் நகலெடுப்பு தோற்றுப்போகிறது.

இதன் விளைவு ஆய்வகச் சிக்கலோடு நிற்பதில்லை. குந்தர் ஃபான் கீட்ரோவ்ஸ்கி 1986இல் ஆறு எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ தன்னைத்தானே நகலெடுப்பதை முதன்முதலாகக் காட்டினார். உருவான நகல் அச்சோடு ஒட்டிக்கொண்டு அடுத்த சுற்றைத் தடுத்ததால், பெருக்க வேகம் ஏற்கெனவே இருக்கும் நகல்களின் அளவுக்கு நேர்விகிதத்தில் ஏறாமல் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே ஏறியது. அப்படிப்பட்ட பெருக்கத்தில் வேகமானது மெதுவானதை ஒழித்துக்கட்டுவதில்லை, எல்லாமே ஏதோ ஒரு விகிதத்தில் நிலைத்துவிடுகின்றன என்று ஈயோர்ஷ் சாத்மாரி பின்னர் கணக்கிட்டுக் காட்டினார். இயற்கைத் தேர்வு வேலை செய்யாத இடத்தில் பரிணாமத்துக்கு வழியில்லை. செயற்கைச் செல்லின் உயிர்நாடியே அங்கே அறுந்துபோகிறது.

இந்தத் தடையைத் தாண்டியதாக 2016இல் ஷோஸ்டாக்கின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆர்ஜினின் கோத்த சிறு பெப்டைடுகள் இழைகள் மறுபடி சேர்வதைத் தாமதப்படுத்துகின்றன என்றது. அந்த முடிவை மறுபடி பெற முடியவில்லை என்று அவருடைய ஆய்வகத்திலேயே தெரியவந்ததும், 2017இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நோபல் பரிசு பெற்ற ஒருவர் தம் ஆய்வகம் கண்ட பிழையைத் தாமே ஊரறியச் சொன்னதை இந்தத் துறையின் வலிமைகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன். ஆனால் முழு வட்டத்தின் மிகக் கடினமான படியில்தான் அந்தப் பிழை நேர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

பிழை விகிதத்தைப் பற்றி வரும் குற்றச்சாட்டு இவ்வளவு கடுமையானதல்ல என்பது என் எண்ணம். நாற்பது எழுத்து நீளமுள்ள இழையில் பத்துக்கு ஒன்று தவறினால், நூறு நகல்களில் ஒன்றோ இரண்டோதான் சரியாக இருக்கும். நூற்றுக்கு ஒன்று தவறினால் மூன்றில் இரண்டு பங்கு தப்பிக்கும். ஆகவே துல்லியம் முக்கியம்தான். ஆனால் சுதா ராஜாமணி, ஐரீன் சென் முதலானோர் 2010இல் கண்டது நம்பிக்கை தருகிறது: தவறான எழுத்து சேர்ந்ததும் இழையின் வளர்ச்சி சட்டென்று மந்தமாகிறது. பிழையான நகல் பின்தங்க, சரியான நகல் முந்துகிறது. நொதியின் சரிபார்ப்பு இல்லாமலே ஒரு வடிகட்டல் நடக்கிறது. இன்னொரு குறையும் இதேபோல உதவியாக மாறியது. நொதியில்லா நகலெடுப்பில் இழையின் முதுகெலும்பில் சில பிணைப்புகள் 3'-5' என்று அமைவதற்குப் பதில் 2'-5' என்று தவறாக அமைகின்றன. 2013இல் ஷோஸ்டாக்கின் குழு, அத்தகைய பிணைப்புகள் கலந்த ஆர்.என்.ஏவும் வேலை செய்கிறது, அதன் இரட்டை இழை குறைந்த வெப்பத்திலேயே பிரிகிறது என்று காட்டியது.

எனக்கு மிகவும் கவலை தருவதே என் மூன்றாவது மறுப்பு. 2008இல் ஷெரெஃப் மான்சி முதலானோர் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையில், வெளியிலிருந்து சேர்த்த நியூக்ளியோடைடுகள் சவ்வைக் கடந்து உள்ளே சென்று, ஒரு நாளில் நகலை முடித்தன. ஆனால் அவை இயல்பான ஆர்.என்.ஏ எழுத்துகள் அல்ல. வினைவேகம் கூட்டுவதற்கென்று அமினோ குழு சேர்த்துத் தயாரிக்கப்பட்டவை. அச்சும் ஒரே எழுத்தின் தொடர்தான். இப்படிப் பல சோதனைகளில் வேதியியலாளர் நியூக்ளியோடைடைத் தூய்மைப்படுத்துகிறார், வினைக்குத் தயார்செய்கிறார், வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் சிறு இழையான பிரைமரைத் தேர்ந்து வைக்கிறார், நீராற்பகுப்பில் செயலிழந்தவற்றுக்கு ஈடாகப் புதிதாகச் சேர்க்கிறார். நொதியை வெளியேற்றிய இடத்தில் மனிதக் கை வந்து உட்கார்ந்திருக்கிறது. குழாய்க்குள்ளேயே நியூக்ளியோடைடுகளை மறுபடி வினைக்குத் தயார்செய்ய ஐசோசயனைடு வேதியியலைப் பயன்படுத்தும் முயற்சிகள் அந்தக் கையைக் கொஞ்சம் விலக்குகின்றன. அதனாலேயே, வேகத்தைச் சற்றுக் கூட்டிய இன்னொரு கட்டுரையைவிட அவற்றை நான் உயர்வாக வைக்கிறேன்.

நகலெடுப்பின் வடிவத்தையே மாற்றிச் சிந்தித்தவர்களும் இருக்கிறார்கள். ஷோஸ்டாக்கின் குழு 2021இல் முன்வைத்த மெய்நிகர் வட்ட மரபுத்தொகுதி என்ற கருத்தில் நீண்ட முழு இழையே தேவையில்லை. ஒரு வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளாகப் பொருந்தும் எண்ணற்ற சிறு துண்டுகள், வெப்பம் ஏறி இறங்கும்போது இணை மாறி இணை மாறிச் சற்றுச் சற்றே நீள்கின்றன. குட்டையான துண்டுகள் எளிதில் பிரியும். தொடக்கம், முடிவு என்ற நிலையான இடங்களும் இல்லாததால் தனிப் பிரைமரும் வேண்டாம். 12 எழுத்து வட்டத்தை வைத்து 2023இல் வெளியான சோதனையில் துண்டுகள் நீளவே செய்தன. ஆனால் துண்டு நீள்வது மட்டும் தலைமுறை ஆகிவிடாது. பல சுற்றுகளுக்குப் பிறகும், புதிய துண்டுகளை யாரும் ஊற்றாமல், அந்தக் கலவை முதலில் வைத்திருந்த எழுத்து வரிசையையே வைத்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். இனி வரும் ஒவ்வொரு கட்டுரையும் எத்தனை எழுத்து சேர்ந்தது என்ற எண்ணோடு, எத்தனை சுற்று முடிந்தது, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே வெளியிலிருந்து என்னென்ன சேர்க்கப்பட்டது என்ற கணக்கையும் முதல் அட்டவணையிலேயே தர வேண்டும்.