தாழ்ப்பாளுக்கு உள்ளே

பாபக் அன்வாரியின் ‘அண்டர் த ஷேடோ’ (2016) படத்தைப் பேய்ப்படம் என்று சொல்லித்தான் நண்பர் ஒருவர் பார்க்கச் சொன்னார். அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் அம்மா கேட்டார்: “ஊரே காலி பண்ணிட்டுப் போகுது. இவ மட்டும் பிள்ளைய வச்சுக்கிட்டு ஏன் அந்த வீட்டையே கட்டிக்கிட்டு அழறா?” படம் முடிந்த பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கதை நடப்பது டெஹ்ரானில், ஈரான்–இராக் போரின் கடைசி ஆண்டான 1988இல். இராக்கின் ஏவுகணைகள் தலைநகரத்திலேயே விழத் தொடங்கி, மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறிய சமயம். ஷீதே முன்னாள் மருத்துவ மாணவி. புரட்சிக் காலத்தில் இடதுசாரி அரசியலில் இருந்ததால் இனி படிக்கவே முடியாது என்கிறார் பல்கலைக்கழக அதிகாரி. அவர் அதைச் சொல்லும்போதே பின்னால் ஜன்னலுக்கு வெளியே தொலைவில் குண்டு வெடிக்கிறது. மருத்துவரான கணவன் போர்முனைக்கு அனுப்பப்படுகிறான். குழந்தையோடு தன் பெற்றோர் வீட்டுக்குப் போகச் சொல்கிறான். அவள் மறுக்கிறாள்.

ஏன் மறுக்கிறாள் என்பதைப் படம் வசனத்தில் சொல்வதில்லை. அன்றாடக் காரியங்களில் காட்டுகிறது. ஜேன் ஃபோண்டாவின் உடற்பயிற்சி வீடியோவைப் போட்டு வியர்க்க வியர்க்க ஆடுகிறாள். வீடியோ பிளேயர் அப்போது தடைசெய்யப்பட்ட பொருள். யாராவது வந்தால் மறைத்தாக வேண்டும். அந்தக் கட்டடத்தில் கார் ஓட்டும் ஒரே பெண் அவள்தான். அதனால் கேட் திறந்து கிடந்தால் பழி அவள் தலையில். கதவுக்கு வெளியே எல்லாவற்றுக்கும் வேறு யாரோ அனுமதி தர வேண்டும். உள்ளே மட்டும்தான் அவள் வைத்தது சட்டம். மாமியார் வீட்டுக்குப் போனால் அதுவும் போய்விடும்.

படத்தின் உச்சம் எனக்கு ஜின் வரும் காட்சி இல்லை. பயந்துபோய் மகளைத் தூக்கிக்கொண்டு இரவில் தெருவில் ஓடுகிறாள். தலையில் முக்காடு இல்லை. ரோந்துப் படை பிடித்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறது. முக்காடு இல்லாமல் வெளியே வரும் பெண்ணுக்கு 74 கசையடி வரை தரலாம் என்று 1983இலேயே சட்டம் வந்துவிட்டது. ஏன் ஓடிவந்தாய் என்பது அங்கே யாருக்கும் முக்கியமாகப் படவில்லை. உயிர் தப்ப ஓடும்போதும் ஒரு நொடி நின்று துணியைத் தேட வேண்டியிருக்கிறதே, போர்க்காலப் பெண்வாழ்வை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சியை நான் பார்த்ததில்லை.

இதனாலேயே ஒரு மனக்குறை. இறுதியில் ஜின்னே பூப்போட்ட சாதராகப் பறந்து வந்து அவளை விழுங்கப் பார்க்கிறது. மிரட்டலான படிமம்தான், ஆனால் கொஞ்சம் சுலபமானது. அந்தத் துணியை விரும்பி அணிந்த பெண்களும் அதே நகரத்தில், அதே ஏவுகணைகளுக்குப் பயந்து இருந்தார்கள். பயமுறுத்தியது துணி அல்லவே, அதைக் கட்டாயமாக்கிய சட்டம்தானே? காவல் நிலையக் காட்சியில் இவ்வளவு தெளிவாக இருந்த இயக்குநர், கடைசியில் பேய்ப்பட வழக்கத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான். அதுக்காகப் பிள்ளை உசுர வச்சு வீம்பு பிடிக்கலாமா?” என்றார்.

படமும் அதைத்தான் அவளிடம் கேட்கிறது. நல்ல தாயா நீ என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தக் கேள்வியை அவள் கணவனிடம் மட்டும் ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.