கதவுக்கு என்ன பூசுவது?

மணப்பாறையில் எங்கள் வீட்டு வாசல் கதவில் ஐந்து அடுக்கு பெயின்ட் இருக்கிறது. போன பொங்கலுக்கு முன்னால் சுரண்டிப் பார்த்ததால் தெரியும். மேலே சாக்லேட் பிரவுன், அதற்குக் கீழே ஒரு பச்சை, அப்புறம் இன்னொரு பச்சை, ஒரு மஞ்சள், அடியில் காவி மாதிரி ஏதோ ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே வேம்பு. தாத்தா கொல்லையில் நின்ற மரம் என்று அப்பா சொல்வார்.

எனக்கு அந்த வேம்புதான் வேண்டியிருந்தது. வாரம் முழுக்கக் கோடு எழுதுகிற ஆட்களுக்கு சனிக்கிழமை ஆனால் கையால் எதையாவது செய்தாக வேண்டும். சிலர் ரொட்டி சுடுகிறார்கள், நான் மரவேலை. வீடியோக்கள் பார்த்துப் பார்த்து, பெயின்ட் என்பது மரத்துக்கு மாட்டிவிட்ட முகமூடி, உரித்தால் உண்மை தெரியும் என்கிற எண்ணம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. சாண்டர் ஒன்று வாங்கினேன்.

அம்மா சொன்னாள்: "பெயின்ட் அடிச்சா ஈரத்துணியப் போட்டு ஒரு தொட தொடச்சிட்டுப் போயிருவேன். வெறும் மரமா விட்டா யாருடா பாக்குறது?" ஆசாரி வேறு வழி சொன்னார்: "மைக்கா ஒட்டிருவோம் தம்பி. தேக்கு டிசைன்லயே வருது. பத்து வருசம் திரும்பிப் பாக்க வேணாம்." எனக்கு இரண்டுமே ரசனைக் குறைவாகப் பட்டது.

இந்த ரசனைக்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. காந்தியைப் புரட்டிப்போட்ட அதே ஜான் ரஸ்கின், 1849ல் வெளியான தன் கட்டடக்கலை நூலில், ஒரு பொருளின் மேல் வர்ணம் பூசி அதை இன்னொரு பொருளாகக் காட்டுவதை ஏமாற்று என்றே வகைப்படுத்தினார். 1898ல் வியன்னாவின் அடால்ஃப் லூஸ் அதைக் கறாரான விதியாக்கினார். மரத்துக்கு எந்த நிறமும் பூசலாம், மரத்தின் நிறத்தை மட்டும் பூசக்கூடாது. கேரளத்தில் லாரி பேக்கர் செங்கல் சுவர்களைப் பூசாமலே விட்டார். சுண்ணாம்பு, சிமென்ட், பெயின்ட், அதற்கான கூலி எல்லாம் மிச்சம் என்பது அவர் கணக்கு. வீடு கட்டக் காசில்லாதவர்களை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது.

இன்று அதே செங்கல் நம் காபிக் கடைகளில் என்னவாக இருக்கிறது? பூசி முடித்த சுவரின் மேல் செங்கல் மாதிரி டைல் வாங்கி ஒட்டுகிறோம். காரைக்குடியில் பழைய வீட்டுக் கதவுகளை வாங்கி, தேய்த்து, மேலே கண்ணாடி போட்டு உணவு மேசை ஆக்குகிறோம். சிக்கனமாகப் பிறந்த ஒன்று தோற்றமாக முடிந்துவிட்டது. 'உண்மையான மரம்' என்று நான் தேடியதும் தேக்கு டிசைன் மைக்காவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்தான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பயம் தேவைப்பட்டது.

சாண்டர் ஓடிய மூன்றாம் நாள். வீடு முழுக்க மெல்லிய மஞ்சள் தூசி. இரண்டரை வயது மகள் திண்ணையில் உட்கார்ந்து அதில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "பழைய பெயின்ட்தானே, ஈயம் இருக்குமே, பாத்தியா?"

பார்க்கவில்லை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016ல். அமலுக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எனாமல்களில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயச் சேர்மங்களுக்கு நல்ல வாய்ப்பு உண்டு. சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறவரை அதன் ஆபத்து குறைவு. உதிர்ந்தாலோ தேய்த்தாலோதான் தூசியாகிறது. தரையில் விளையாடும் குழந்தை கையை வாயில் வைக்கும். இவ்வளவு வரை இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குத் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடுத்த நாள் திருச்சியில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். ரிசல்ட் வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் அம்மா ஈரத்துணியால் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குத் திட்டியிருக்கலாம்.

தூக்கம் வராமல் கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையை மறுபடி எடுத்தேன். தெரிந்த கதைதான். குழந்தைகள் கதவில் ஏறி பஸ் விளையாடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி கதவைக் கழற்றி எடுத்துப்போகிறான். கதவில்லாத வீட்டுக்குள் வாடை புகுந்து கைக்குழந்தை இறக்கிறது. பிறகொரு நாள் சாவடிப் பக்கம் கறையான் அரித்துக் கிடக்கும் அதே கதவைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள்.

கி.ரா.வின் மொழியைப் பாராட்டும்போது 'பூச்சில்லாத எழுத்து' என்கிறோம். பூசாத செங்கல்லைப் பாராட்டுகிற அதே வாய்தான் இதையும் சொல்கிறது. அன்றைக்கு எனக்கு அது தப்பாகப் பட்டது. அந்தக் கதை முழுக்கப் பூச்சு இருக்கிறது. அப்பா ஊரில் இல்லை, அம்மா கூலிக்குப் போகிறாள், வீட்டில் ஒன்றுமில்லை. இந்த வறுமையின் மேல் முதல் பக்கத்திலேயே ஒரு விளையாட்டைப் பூசிவிடுகிறார் கி.ரா. டிக்கெட், பஸ், கூச்சல். வாசிக்கிற நமக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். அவரோ அந்தப் பூச்சைச் சுரண்டி 'இதோ உண்மை' என்று காட்டவே மாட்டார். காட்டியிருந்தால் அது தீர்வைக் கொடுமை பற்றிய மனு ஆகியிருக்கும்.

கதவில் பிள்ளைகள் ஒட்டும் தீப்பெட்டிப் படத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் கதவுக்கு நடந்த மிகச் சிறந்த வேலைப்பாடு அதுதான். அது என்ன மரம், யார் இழைத்தது என்பதெல்லாம் எனக்கு நினைவில் நிற்பதே இல்லை, ஒட்டிய படம் நிற்கிறது. புழங்குகிறவர் கைபடும்போதுதான் ஒரு பொருள் வீட்டுப் பொருளாகிறது. கடைசியில் பிள்ளைகள் கதவைத் தடவுகிற இடத்தில், அவர்கள் தொடுவது மரத்தையா, படத்தையா என்று பிரிக்க முடியாது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'யையும் இதோடு சேர்த்து வாசிக்கலாம். சமையலறையை வசதியாக்க மருமகள் மீனாட்சி யோசனை சொல்கிறாள். பதிலாகக் கிடைப்பது, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையையும் மறைக்கிற துணிக்கொடி. அங்கே வேலை செய்கிறவளுக்குத் தீர்மானிக்கிற உரிமை இல்லை. என் சாண்டரும் அதே வேலையைத்தான் செய்தது. நான் வருஷத்தில் பதினைந்து நாள் பார்க்கிற கதவு அது. அம்மா தினமும் துடைக்கிறாள்.

ரிசல்ட் வந்தது. பயப்படும்படி இல்லை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள் என்றார் டாக்டர். அதன்பிறகுதான் என்ன பூசுவது என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்டேன். அரக்குப் பாலீஷ் அழகு. அரக்குப்பூச்சியின் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்தது என்பதால் புதுப் பூச்சு பழையதைக் கரைத்து ஒன்றாகிவிடும், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். ஆனால் தண்ணீர் பட்டால் வெளுக்கும். சாரல் அடிக்கும் வாசலுக்கு ஆகாது. பாலியூரித்தேன் கெட்டி, ஆனால் ஒரு இடம் பெயர்ந்தால் மொத்தமாகத் தேய்க்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் வருஷா வருஷம் பூச வேண்டும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வயதான இருவர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு அந்த விளையாட்டு வேண்டாம். எனாமல் என்றால் பழையது மங்கும்போது மேலேயே இன்னொரு கோட். யாரும் செய்யலாம்.

அந்த ஐந்து அடுக்கும் பொய்கள் இல்லை, ஐந்து முறை அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டவர்களின் கணக்கு. நன்றாக ஒட்டியிருந்த இடங்களை அப்படியே விட்டேன். பெயர்ந்த இடங்களை மட்டும் தண்ணீர் தெளித்து, ஈரமாகவே சுரண்டி, பொடியைக் கட்டி அப்புறப்படுத்தினேன். ஈயம் சேர்க்காதது என்று டின்னில் போட்டிருந்த எனாமல். நிறம் அம்மாவின் தேர்வு, நல்ல நீலம். ஐந்தில் மரத்தின் நிறத்தைக் காப்பியடித்தது அந்த சாக்லேட் பிரவுன் ஒன்றுதான். லூஸுக்கும் திருப்தியாக இருந்திருக்கும்.

முழுசாகக் காயும் முன் மகள் ஒரு யானை ஸ்டிக்கரைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டாள். உரித்தால் நீலமும் கூடவே வரும். நான் கையை வைப்பதற்குள் அம்மா தடுத்தாள். "இருக்கட்டும் விடுடா. அடுத்த தடவ அடிக்கிறப்போ பாத்துக்கலாம்."