விழுந்தால் நிற்க ஒரு படி

2019 மார்ச் 9, ஐ-லீக் கால்பந்துத் தொடரின் கடைசி நாள். கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி இறங்கியபோது அதன் கையில் 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலிடம் 39. அதே மாலை ஈஸ்ட் பெங்கால் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவுடன் ஆடிக்கொண்டிருந்தது. கோவையில் எதிரணி, முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாப். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே, மூன்றாவது நிமிடத்தில், ரோலண்ட் பிலாலா மினர்வாவுக்கு கோல் போட்டுவிட்டார். இடைவேளைக்குப் பிறகுதான் பதில் கிடைத்தது. 56-வது நிமிடத்தில் பெத்ரோ மான்சி பெனால்ட்டியை வலைக்குள் அடித்தார். 69-வது நிமிடத்தில் கௌரவ் போரா, ஆட்டம் முடியும் தறுவாயில் மறுபடியும் போரா. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று வென்றது. 43-க்கு 42. கோவையில் டிரா ஆகியிருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். அந்த நெருக்கடியில் இரண்டு கோல் போட்டவர் ஒரு தடுப்பாட்டக்காரர் என்பதை நான் இன்றும் பெருமையோடு சொல்வேன்.

இது பெரிய முதலாளிகள் கட்டிய அணி அல்ல. 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கி, சென்னை லீக்கில் ஆடி வந்த கிளப். 2016-17-ல் ஐ-லீக்குக்குள் வந்தது. பத்து அணிகளில் எட்டாவது இடம். அடுத்த ஆண்டும் எட்டாவது இடம்தான். மூன்றாவது ஆண்டில் சாம்பியன். சிங்கப்பூர்க்காரரான பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஓடும் ஆட்டத்தை விட்டுவிட்டு, பின்வரிசையிலிருந்தே குறுகிய பாஸ்களில் கட்டி நகர்த்தும் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஸ்பெயினிலிருந்து வந்த மான்சி, நெஸ்டர், சாண்ட்ரோ ஆகியோர் முன்னால் நின்றார்கள் என்றால், அவர்களுக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் நம் பையன்களும் இருந்தார்கள். எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் எல்லோரும் பிறகு ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) அணிகளுக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்பே, கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜுக்கும் இதே கிளப்தான் வாசலாக இருந்தது.

அந்த சீசன் தொடங்கியது 2018 அக்டோபர் 26-ல், இந்தியன் ஏரோஸுக்கு எதிரான 4-1 வெற்றியுடன். மான்சிக்கு ஹாட்ரிக். மூன்றே வாரத்தில், நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் தென்னை சாய்ந்த தோப்புகளைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று இந்தியாவின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த நாட்களில் நம் மாவட்டத்துப் பையன்கள் மரம் அறுத்துப் பாதை திறந்துகொண்டிருந்தார்கள். அந்த வெற்றி இங்கே பெரிதாகப் பேசப்படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏறிய வேகத்தைவிட இறங்கிய வேகம் அதிகம். 2019-ல் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 விழுக்காடு பங்கை வாங்கியபோது பெரிய எதிர்காலம் தெரிந்தது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல்-ரிஃபாவிடம் 0-1 என்று தோற்றார்கள். அது கௌரவமான தோல்வி. அதே மாதம் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போனார். சாம்பியன் ஆன சீசனில் அணி போட்ட 48 கோல்களில் 21 அவருடையவை. அந்த இடத்தை நிரப்ப ஆளில்லை. கொரோனா வந்து சீசனே நின்றது. 2020-21-ல் எல்லா ஆட்டமும் மேற்கு வங்கத்தில், சொந்த மண்ணில் ஓர் ஆட்டம்கூட இல்லை. அணி கடைசி ஐந்து அணிகளின் பிரிவில் கிடந்தது. 2021-22-க்கு உரிம நிபந்தனைகளை நிறைவேற்றாததால் லீக்கிலேயே இடம் இல்லை. அந்த இடத்துக்கு மும்பையின் கென்க்ரே வந்தது. கோப்பை தூக்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை.

இதைப் பணப் பிரச்சினை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. பெயரில் சென்னை, ஆடியது கோவையில். சென்னையின் பெரிய மைதானம் ஐ.எஸ்.எல். கிளப்பான சென்னையினுக்கு. கோவைக்காரர்கள் அன்போடு வந்து பார்த்தார்கள், ஆனால் அது அவர்கள் தூக்கி வளர்த்த பிள்ளை அல்ல. சந்தா கட்டும் உறுப்பினர்கள் இல்லை. ஒரு கிளப் நொடிக்கும்போது கதவைத் தட்டிக் கணக்குக் கேட்கவும், உண்டியல் ஏந்தவும் யாராவது வேண்டும். இங்கே யாருமில்லை.

இங்கிலாந்தின் பெரி கிளப்பை எடுத்துக்கொள்வோம். 1885-ல் பிறந்தது. பணமில்லாமல் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப்பைப் பதிவு செய்து, பத்தாவது அடுக்கிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். விம்பிள்டன் ரசிகர்கள் 2002-ல் ஒன்பதாவது அடுக்கில் தொடங்கி, 2011-ல் லீக்குக்குத் திரும்பினார்கள். விழுந்தவனுக்கு நிற்க அங்கே கீழே ஒரு படி இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், மிசோரமைப் பாருங்கள். 2012-ல் அங்கே மாநில பிரீமியர் லீக் தொடங்கியது. ஐஸால் 2015-16-ல் ஐ-லீக்கிலிருந்து இறங்க வேண்டிய இடத்தில் முடித்தது. கோவா கிளப்புகள் விலகியதால் திரும்பச் சேர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டே சாம்பியன் ஆனது. அன்று கோவையில் தோற்ற மினர்வாவும் கைமாறி, பெயர் மாறி, பஞ்சாப் எஃப்.சி. ஆகி, 2023-ல் ஐ-லீக்கை வென்று ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிவிட்டது. ஜெயித்த சென்னை சிட்டியைத்தான் களத்தில் காணோம்.

இனி நம் மாவட்டம். தைலமரக் கம்பு நட்ட கோல் போஸ்ட், காலில் ஒட்டும் செம்மண், பொங்கலுக்கு அணிக்கு ஏழு பேர் ஆடும் ஒரு செவன்ஸ் தொடர், கோடை விடுமுறையில் இன்னொன்று. நுழைவுக் கட்டணம் வாங்கி, ஊர்ப் பெரியவர்களிடம் பரிசுத் தொகைக்கு வசூல் செய்து, ஃபிளெக்ஸ் அடித்து, இரண்டு நாளில் முடித்துவிடுகிறோம். அணிக்கு ஜெர்சி எடுத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கும் பழைய ஆட்டக்காரர். நல்ல ஒரு தடுப்பாட்டக்காரர் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் அடுத்த பொங்கலுக்கு அந்த ஊர் அணி இருக்காது. சென்னை சிட்டிக்கு நேர்ந்ததுதான் இங்கே ஆண்டுதோறும் சின்ன அளவில் நடக்கிறது.

இப்படித் தேறும் பையனுக்குத் தெரிந்த ஒரே வழி, திறமை காட்டி விளையாட்டு விடுதியில் இடம் பிடிப்பது, பிறகு சென்னைக்குப் போய் வங்கியிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடுவது. ஆள் ஏறிவிடுவான், அவன் ஊர் அணி ஏறாது. ஆனால் 2023-ல் ஐ-லீக் 3 வந்துவிட்டது. மாநில லீக்குகளிலிருந்து அணிகள் அதற்குள் போகலாம். அங்கிருந்து ஐ-லீக் 2, ஐ-லீக், ஐ.எஸ்.எல். மேலே ஏணி போட்டாகிவிட்டது. நம் பக்கத்துக் கீழ்ப்படியைத்தான் கட்ட வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு ஒன்றும் தேவையில்லை. புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி, கந்தர்வக்கோட்டை, இலுப்பூர், பொன்னமராவதி, திருமயம், மணமேல்குடி என்று எட்டு அணிகள் போதும். ஒவ்வொன்றும் மற்ற ஏழு அணிகளுடன் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று ஆடினால் 56 ஆட்டம். ஞாயிறுக்கு நான்கு வைத்தால் 14 வாரம். ஜூன் மாதத்தில் தொடங்கினால் வடகிழக்கு மழைக்கு முன்பே முடித்துவிடலாம். செவன்ஸ் வேண்டாம், பதினொரு பேர் ஆட வேண்டும். ஒவ்வோர் அணிக்கும் பதிவு, ஆளுக்கு ஆண்டுச் சந்தா, வரவு செலவு எழுத ஒரு நோட்டு, அதைக் கேட்டுப் பார்க்க உறுப்பினர்கள். கடைசியில் வரும் அணியைக் கலைக்காமல் கீழ்ப் பிரிவில் ஆடவிட்டு, அங்கே முதலில் வந்த அணியை மேலே எடுக்க வேண்டும். அந்த 14 ஞாயிறுகளுக்கு மைதானங்களை ஒதுக்கித் தரும்படி கேட்டு மனு எழுத வேண்டியவர்கள் மாவட்டத்தின் கால்பந்துக்காரர்கள். அதில் கையெழுத்துப் போட முதல் ஆளாக நானும் வருகிறேன்.