கியர் விழும் ஓசை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை சிக்னலில் ஒரு லம்போர்கினி வந்து நின்றால் போகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். கத்தியால் சீவியெடுத்தது போன்ற முகப்பு, தரையைத் தொட்டுவிடும் தாழ்வு. பார்க்க வேண்டிய அழகுதான். என் கண் என்னவோ தேக்கா சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் கியர் லாரியின் மேல்தான் போகும். பஃபலோ சாலையில் சனம் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கும்போது, ஓட்டுநர் கிளட்சைப் பாதி விட்டு லாரியை அங்குலம் அங்குலமாக நகர்த்துவார். இடது கை கியர் குமிழின் மேல் தளர்வாகக் கிடக்கும். எஞ்சினின் குரல் கனத்ததும் மணிக்கட்டு லேசாக அசையும். ‘டக்’கென்று இரண்டாவது கியர் விழும். பின்னால் அடுக்கிய தக்காளிப் பெட்டி ஒன்றுகூடக் குலுங்காது.

நெரிசலில் ஆட்டோ கியர் காலுக்குச் சுகம். பலரும் ஆட்டோ கியர் வண்டிக்கு மட்டுமான 3ஏ உரிமத்தோடு நிறுத்திக்கொள்வதில் நியாயம் உண்டு. கியர் வண்டியும் ஓட்ட வகுப்பு 3 உரிமம் எடுப்பவரோ, மேட்டில் வண்டி பின்னால் நழுவாமல் கிளட்சைப் பிடித்து நிறுத்திக் கிளப்பப் பழக வேண்டும். எஞ்சினின் நடுக்கத்தைப் பாதத்தாலேயே அறியும் பக்குவம் பொறுமையாகப் பழகினால்தான் வரும். காரின் வடிவழகு அதை வரைந்தவருடையது. கியரை இதமாக மாற்றும் அழகு ஓட்டுகிறவருக்கே சொந்தம்.