கே. பி. சுந்தராம்பாளின் தொடக்ககாலக் கலைவாழ்வு: குரலும் வேடமும்

முன்னுரை

ஜொகூர் மாநிலத்துப் பெக்கான் நானாஸ் போன்ற சிற்றூர்களில் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் கற்பிக்கும் தமிழாசிரியர், ஔவையாரை மாணவர் மனக்கண்முன் நிறுத்த வேண்டிய நிலையில் உள்ளார். கோலூன்றிய முதுமகள் என்னும் மரபுவழி உருவம் முன்னரே உண்டு. அவ்வுருவத்திற்கு அழியாத முகத்தையும் குரலையும் தந்தவர் 1953இல் ஜெமினி நிறுவனத்தின் 'ஔவையார்' படத்தில் நடித்த கே. பி. சுந்தராம்பாள் ஆவார். அப்போது அவருக்கு வயது 45 அளவே. அம்முதுமகளை நன்கறிந்த நாம், அவருக்கு முன்னிருந்த இளம் நடிகையை அறிய முயன்றது குறைவு. 1935 வரையிலான அவரது கலைவாழ்வை எவ்வாறு வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

கண்டெடுத்தல் என்னும் கதை

கொடுமுடியில் 1908இல் பிறந்த இவர், வறுமையின் காரணமாக இளமையில் இரயிலில் பாடிப் பொருளீட்டினார் என்பது யாவரும் அறிந்த செய்தி. அவ்வாறு பாடிய சிறுமியைக் கண்டறிந்து மேடைக்குக் கொணர்ந்தவர் யார் என்பதில் வரலாறு எழுதியோர் வேறுபடுகின்றனர். எஃப். ஜி. நடேசய்யர் என்பார் சிலர். வேலு நாயர் நாடகக் குழுவோடு தொடர்புபடுத்துவார் வேறு சிலர். பெயர் மாறினும் கதையின் அமைப்பு மாறுவதில்லை. ஆண் ஒருவர் காண்கிறார், பெண் காணப்படுகிறார். இதனால், கண்டறியப்படுவதற்கு முன்பே அக்குரல் பெற்றிருந்த பயிற்சி மறைந்துவிடுகிறது. ஓடும் வண்டியின் இரைச்சலுக்கு மேலெழுந்து, நிற்காமல் செல்லும் மக்களை நிறுத்திக் கேட்கச்செய்வது எளிய பயிற்சியன்று. அவரது பெயரின் முன்னெழுத்துகளுள் 'பி' என்பது தாயார் பாலாம்பாளைக் குறிக்கும். கண்டெடுத்தவரின் பெயரைத் தேடும் நாம், அப்பெயரிலேயே தங்கியிருக்கும் தாயை எளிதில் கடந்துவிடுகிறோம்.

மேடை தந்த கல்வி

அவரது முதல் வேடமாகக் கூறப்படுவது 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் வாடும் மூத்த மகனின் வேடமாகும். அதாவது, அவரது நடிப்பு வாழ்வு ஆண்வேடத்தில் தொடங்குகிறது. அக்காலத் தமிழ் மேடையில் இது வியப்பன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த பாலர் குழுவில் சிறுவர்களே பெண்வேடமும் ஏற்றனர். வேடம் உடலின் இயல்பைச் சார்ந்ததாகக் கருதப்படவில்லை. குரலின் ஆற்றலையே சார்ந்திருந்தது.

இவர் புகழ்பெற்ற 'ஸ்பெஷல் நாடக' முறையும் இங்குக் கருதத்தக்கது. வெவ்வேறு ஊர்களிலிருந்து அழைக்கப்படும் நடிகர்கள் கூட்டு ஒத்திகையின்றி ஒரே இரவில் இணைந்து நடிப்பர். பாடலும் கதையும் முன்னரே அறிந்தவை. தர்க்கமோ மேடையிலேயே பிறப்பது. 'வள்ளி திருமணத்தில்' வேலனாக வருபவர் தொடுக்கும் வினாவுக்கு வள்ளி உடனே மறுமொழி தரவேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில், கடைசி வரிசைக்கும் எட்டும் உயர்ந்த சுருதியில் பாடவும் வேண்டும். இவ்விரு தகுதிகளையும் சுந்தராம்பாள் இளமையிலேயே பெற்றார். கடல் கடந்து இலங்கை வரை அவரது புகழ் சென்றது. 1920களின் நடுப்பகுதியில் எஸ். ஜி. கிட்டப்பாவோடு கொழும்பு மேடையில் இணைந்தமை அதன் விளைவாகும்.

வெள்ளைச் சேலையும் வேடத் தெரிவும்

1927இல் கிட்டப்பாவை மணந்த இவர், 1933இல் அவர் மறைந்தபின் வெள்ளைச் சேலை உடுத்தலானார். ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதிபூண்டார். பின்னர் அவர் ஏற்ற நந்தன், மணிமேகலை, ஔவை, கவுந்தியடிகள் முதலிய வேடங்களை இவ்வுறுதியின் விளைவாகவே விளக்குவது வழக்கம். இவ்விளக்கத்தை முற்றாக மறுப்பதற்கில்லை. கைம்பெண்ணுக்குச் சமுதாயம் விதித்த கட்டுப்பாடு அதிலுண்டு. அவரது தனித்துயரும் உண்டு. எனினும், இதனை மட்டும் கூறின் ஒரு கலைஞரின் வாழ்வு மனைவியின் வாழ்வாகச் சுருங்கிவிடும். துயரம் ஒரு வாயிலை அடைத்தது. மற்றொரு வாயிலைத் திறக்கும் ஆற்றலோ அவர் சிறுவயதில் மேடையில் ஈட்டிய பொருளாகும்.

1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' இதற்குச் சான்று. எம். எல். டண்டன் இயக்கிய அப்படத்தில் சுந்தராம்பாள் நந்தனாகவும், இசைமேதை மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்தனர். அப்படத்திற்காக இவர் ஓர் இலட்சம் ரூபாய் பெற்றார் என்பர். அக்காலத்தில் கேட்டறியாத தொகை அது. நடிக்க விருப்பமின்மையால் அத்தொகையைக் கேட்டார் என்னும் கதையும் உண்டு. கதை எவ்வாறாயினும், தன் குரலின் விலையை அவர் தாமே கூறினார் என்பது தெளிவு. கல்கி ஆனந்த விகடனில் இப்படத்தைக் கேலி செய்தார். திரைநடிப்பை அளவுகோலாகக் கொண்டால் அக்கேலிக்கு இடமுண்டு. நாடகமேடையின் பாட்டு முறையைக் கேமரா இன்னும் தனதாக்கிக்கொள்ளாத காலம் அது. ஆயினும், கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட நந்தனின் ஏக்கத்தை, மங்கல நிகழ்வுகளில் ஒதுக்கப்பட்ட கைம்பெண் ஒருவர் பாடியதில் ஒரு பொருத்தம் இருந்தது. அப்பொருத்தம் கேலியில் அகப்படவில்லை.

தொடக்ககாலப் பயிற்சி பிற்காலப் படங்களிலும் மறையவில்லை. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில், சினங்கொண்டு பிரிந்த முருகனிடம் ஔவையார் பாடியும் வாதிட்டும் நிற்கும் காட்சியை நினைவுகூரலாம். முருகன் முன் தயங்காது சொல்லாடும் அம்முதுமகளிடம், வேலனை எதிர்த்துத் தர்க்கமிட்ட ஸ்பெஷல் நாடக வள்ளியை நாம் காண்கிறோம். காதல் நீங்கியது, தர்க்கம் நிலைத்தது.

முடிவுரை

தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட ஆங்கில நூல், நாடகக் கலைஞர்க்கும் விடுதலை இயக்கத்திற்கும் இருந்த தொடர்பை எடுத்துக்காட்டியது. சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் பாடிய சுந்தராம்பாளும் அவ்வரலாற்றில் இடம்பெறுபவர். அவ்வாய்வைத் தொடர்ந்து, நடிகையரின் இளமைக்காலத்தைக் கல்வியும் உழைப்பும் நிறைந்த காலமாக வாசிப்பது நம் கடமையாகிறது. வகுப்பறையில் ஔவையாரைப் படம்வழி அறிமுகப்படுத்தும் ஆசிரியர், அவ்வேடத்தைத் தாங்கியவர் இரயிலிலும் கொட்டகையிலும் கற்ற கல்வியைப் பற்றி இரண்டொரு சொற்கள் கூறலாம். இளமையிற் கற்றலை வலியுறுத்திய புலவரின் பாடத்திற்கு அது புறம்பான செய்தியன்று.