விண்மீன் வரைபடமும் ஆணைப் பலகையும்

ஒற்றைக் கோளில் தொடங்கி விண்வெளிப் பேரரசைக் கட்டியெழுப்பும் கணினி வியூக விளையாட்டுகள் ‘ஃபோர் எக்ஸ்’ எனப்படும். துருவியறிதல், பரவுதல், வளம் கறத்தல், அழித்தல் ஆகிய நான்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் ஒலிக்கும் எக்ஸை வைத்து, 1993இல் ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ பற்றி எழுதிய ஆலன் எம்ரிச் இப்பெயரைச் சூட்டினார். ஆடுபவர் தம் அரசைக் காண்பதற்கும் அதற்கு ஆணையிடுவதற்கும் உரிய திரையமைப்பாகிய இடைமுகம் இவ்வகையில் ஒப்பனை அன்று. ஒரு கோளுக்குச் சுவையாக இருக்கும் முடிவு, ஐம்பது கோள்கள் சேர்ந்த பின் ஐம்பது முறை செய்யவேண்டிய எடுபிடி வேலையாகிவிடுகிறது; இச்சிக்கலை எவ்வாறு கையாள்கிறது என்பதை வைத்தே இம்மரபின் ஒவ்வொரு பாணியும் அடையாளம் பெறுகிறது.

ஸ்டீவ் பார்சியாவின் சிம்டெக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ சிக்கலைத் தொடக்கத்திலேயே சுருக்கிவிட்டது. விண்மீனுக்கு ஒரு கோளுக்கு மேல் இல்லை. அக்கோளின் உற்பத்தி கப்பல், பாதுகாப்பு, தொழில், சூழல், ஆய்வு என்னும் ஐந்து இழுவைப்பட்டைகளில் பங்கிடப்படுவதால், ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். கப்பல் முடிய எத்தனை ஆண்டாகும், கழிவு தேங்குமா என்பன பட்டையின் பக்கத்திலேயே தெரியும். ஆணையிடும் இடத்திலேயே அதன் விளைவும் தெரியவேண்டும் என்ற இந்த அளவுகோலைப் பின்னர் வந்த பல விளையாட்டுகள் எட்டவில்லை என்றே சொல்லவேண்டும்.

1996இல் வந்த இரண்டாம் பாகம் விண்மீனுக்கு ஐந்து கோள்கள் வரை தந்து, குடிகளை உழவர், தொழிலாளர், அறிவியலாளர் எனக் கையால் பிரித்து அமர்த்தவும், கட்டடங்களை வரிசையிட்டுக் கட்டவும் செய்தது. தொடக்கத்தில் தேனாக இனிக்கும் இம்முறை பேரரசு பெருத்ததும் குமாஸ்தா வேலையாகிறது. ஆயினும் வழித்தோன்றல்கள் பலவும் இதையே பின்பற்றின. 2003இல் வந்த மூன்றாம் பாகம் கோள்களை ஆளுநர்களிடம் ஒப்படைத்தபோது, அவர்கள் எதை ஏன் செய்கிறார்கள் என்பது விளங்காமல், விளையாட்டு தன்னைத்தானே ஆடிக்கொள்கிறது என்ற குறை எழுந்தது.

அதே ஒப்படைப்பை 2010இல் ‘டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ்’ நேர்மையாகச் செய்தது. ஒவ்வொரு துறையையும் ஆடுபவரே நடத்தலாம், ஆலோசகர் கேட்டு ஒப்புதல் பெறச் சொல்லலாம், அல்லது முழுவதும் கணினியிடம் விடலாம். சரக்குக் கப்பல்கள் குடிமக்களுக்கே உரியவை. அரசு அவற்றுக்கு ஆணையிட முடியாது. முடிவு யாருடையது என்பது இங்கே மறைவதில்லை.

பாரடாக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டெல்லாரிஸ்’ (2016) திருத்தங்களின் வரலாறாகவே வளர்ந்தது. வெளியானபோது விண்மீன்களிடையே பயணிக்க மூன்று வழிமுறைகள் இருந்தன. 2018 பிப்ரவரியில் அவை விண்மீன்களை இணைக்கும் நிலையான விண்பாதை என்னும் ஒன்றாகச் சுருங்கியதும் எல்லையும் கணவாயும் வரைபடத்திலேயே புலப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரிலோ, கோளின் மேற்பரப்பைக் காட்டிய கட்டங்கள் நீக்கப்பட்டு, மாவட்டங்களும் வேலைகளும் புகுந்தன. கண்ணால் கண்டறிந்ததை அதன்பின் எண்களைக் கூட்டிக் கணிக்கவேண்டியதாயிற்று. வரைபடத்தில் இறக்கிய சுமை கோளின் பலகையில் ஏறியது எனலாம். சுட்டியை எண்ணின்மேல் வைத்தால் அது உருவான கணக்கை விரிக்கும் குறிப்புப்பெட்டி இல்லையேல் இச்சுமை தாங்கக்கூடியதன்று.

ஸ்டீவ் வாம்ஸ்லியின் ‘அரோரா’ இவற்றுக்கெல்லாம் புறம்பான பாணி. அதில் படங்கள் அரிது. சாளரங்கள், அட்டவணைகள், எண்கள் மட்டுமே, அலுவலகக் கணக்கேடு போல. புதிதாய் வருபவர் மிரள்வது இயல்பு. ஆனால் அதன் காலக் கட்டுப்பாடு நுட்பமானது: போரின்போது 5 நொடியாகவும் அமைதிக்காலத்தில் 30 நாளாகவும் காலத்தை நகர்த்தலாம், இடையே பகைக் கப்பல் தென்பட்டால் ஓட்டம் தானே நின்றுவிடும். அழகு சிறிதும் அற்ற அத்திரை, ஆடுபவரை எப்போது அழைக்கவேண்டும் என்பதை மட்டும் செவ்வனே அறிந்திருக்கிறது.