‘மருந்து’ அதிகாரமும் இயக்குநீர்ச் சமநிலையும்: ஒரு வாசிப்பு குறித்த மறுபார்வை

சிங்கப்பூரின் கிழக்குக் கோடியிலுள்ள பாசிர் ரிஸ் வட்டாரத்தில் நடைபெற்ற உடல்நலச் சொற்பொழிவு ஒன்றைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பேச்சாளர் திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ என்பதை எடுத்துக்கொண்டார். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றையும் முறையே அட்ரினலின், தைராய்டு, இன்சுலின் ஆகிய இயக்குநீர்களோடு பொருத்தினார். உண்டது செரித்தபின் உண்பவனுக்கு மருந்து தேவையில்லை என்னும் 942ஆம் குறளோடு உரையை நிறைவு செய்தார். அவையிலிருந்த முதியவர் ஒருவர் எழுந்து, அப்படியானால் தாம் உட்கொண்டுவரும் நீரிழிவு மாத்திரைகளை நிறுத்தலாமா எனக் கேட்டார். படிப்படியாக நிறுத்தலாம் என்பது விடை. இவ்விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதற்கண் சொல்லின் வரலாற்றை நோக்குவோம். ஹார்மோன் என்னும் கலைச்சொல்லை எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் வழக்கிற்குக் கொணர்ந்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு அவரும் பெய்லிஸும் செக்ரிட்டின் என்னும் சுரப்பைக் கண்டறிந்திருந்தனர். இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது 1921இல். இயக்குநீர் என்பது குறிப்பிட்ட உறுப்பில் சுரந்து, குருதிவழிச் சென்று, பிறிதோர் உறுப்பை இயக்குவது, குருதியில் அளந்தறியத்தக்கது. முக்குற்றக் கொள்கையோ உடலின் இயல்பு முழுவதையும் மூன்று பகுதிகளாக வகுத்துக் காணும் முறை. ஒன்று பொருள், மற்றொன்று பகுப்பு. இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று நேராக நிறுத்துவதால் குறளுக்குப் பெருமை சேர்வதாகப் பேச்சாளர் கருதியிருக்கலாம். ஆயின், சித்த மருத்துவக் கொள்கை தனக்கெனக் கொண்டுள்ள தருக்கம் அதனால் மறைந்துபோகிறது. பாளையங்கோட்டையில் 1964இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அத்துறை ஆண்டுக்கணக்கில் கற்பிக்கப்படும் ஒன்று. நாடி பார்க்காமல் ஒரு குறளைக் கொண்டு மாத்திரையை நிறுத்தச் சொல்வதை அக்கல்வி பெற்றவரும் ஏற்கமாட்டார்.

இனி அதிகாரத்தின் அமைப்பிற்கு வருவோம். முதற்குறள் நோய்க்குக் காரணம் கூறுகிறது. மிகுதலோடு குறைதலும் அங்கே நோய் செய்வதாகவே சொல்லப்படுகிறது. பரிமேலழகர் இம்மிகுதி குறைவுகளை உணவுக்கு மட்டுமன்றிச் செயல்களுக்கும் உரியனவாகக் கொள்கிறார். இக்காலத்துப் பட்டினி முறைகளுக்குக் குறளைச் சான்று காட்டுவோர் ‘குறைதல்’ என்னும் பாதியை வசதியாக விட்டுவிடுகின்றனர். நீரிழிவு மாத்திரை உண்ணும் ஒருவர் உணவைத் தவிர்த்தால் குருதிச் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழக்கூடும் என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

அடுத்து வரும் ஆறு குறள்களும் உணவைப் பற்றியன. 942ஆம் குறளின் வாக்கிய அமைப்பு நிபந்தனையுடையது. இன்னது செய்யின் இன்னது வேண்டா என்பது அதன் வடிவம். தமிழாசிரியர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நோயுறாதவன் ஒழுகவேண்டிய முறையை அது சொல்கிறது. நோயுற்றவன் கைவிடவேண்டியதை அது சொல்லவில்லை. நோயுற்றவனைப் பற்றிய பேச்சு 948ஆம் குறளில்தான் தொடங்குகிறது. மருந்தே வேண்டா என்பது ஆசிரியர் கருத்தாயின் இறுதி மூன்று குறள்களுக்கு இவ்வதிகாரத்தில் இடமேது?

‘அளவு’ என்னும் சொல்லின் பயணமும் நம் கவனத்திற்குரியது. 943ஆம் குறளில் அளவை அறியவேண்டியவன் உண்பவன். 947இல் அவ்வளவு வயிற்றுத் தீயைப் பொறுத்தது. அதை அறியாதவனும் உண்பவனே. 949ஆம் குறளில் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் எண்ணிப் பார்க்கும் பொறுப்பு கற்றவனாகிய மருத்துவனிடம் செல்கிறது. நலமாயிருக்கும்வரை அறிபவன் தான்; நோய் வந்தபின் அறிபவன் வேறொருவன். இக்கைமாற்றத்தைக் காணாத வாசிப்பு, எவ்வளவு பக்தியோடு செய்யப்பட்டாலும், பாதி அதிகாரத்தின் வாசிப்பே.

பரிமேலழகரின் அதிகார முன்னுரை இதனினும் கூர்மையானது. பழவினையால் வரும் நோய்களை அவர் ஒதுக்கிவிட்டு, ஏனைக் காரணங்களால் வருவனவற்றிற்கே இங்கு மருந்து கூறப்படுவதாக எல்லை வகுக்கிறார். பழவினையை மரபணு என்று பொருத்திவிட நாம் முனையவில்லை. அது பேச்சாளர் செய்த பிழையையே மீண்டும் செய்வதாகும். எல்லா நோயும் உண்பவன் கையில் இல்லை என்பதை உரையாசிரியர் உணர்ந்திருந்தார் என்பதே நாம் கொள்ளத்தக்கது. முதல்வகை நீரிழிவில் உடலின் எதிர்ப்பாற்றலே இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. அந்நோயுடைய சிறுவனிடம் செரித்தபின் உண்க என்று மட்டும் கூறுவது கொடுமை.

பேச்சாளர் உரையில் கொள்ளத்தக்கது எதுவும் இல்லை என்பது நம் கருத்தன்று. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டுத் தேசிய உடல்நலக் கருத்தாய்வில் நீரிழிவுடையோர் விகிதம் ஒட்டுமொத்தமாக 11.3 விழுக்காடு, இந்தியரிடையே 17.2 விழுக்காடு. 2016இல் அரசு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. இச்சூழலில் பசித்துண்ணலைப் பற்றித் தமிழில் பேசுவது நற்பணியே. அறநூல்களுக்கு மருந்தின் பெயரிட்ட மரபு நம்முடையது. திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலியைக் குறிப்பது. சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்களைக் குறிப்பது. ஏலாதியும் அவ்வாறே ஆறு சரக்குகளால் பெயர் பெற்றது. எனினும் அந்நூல்களைப் படித்து எவரும் சுக்கு அரைக்கத் தொடங்குவதில்லை. அவற்றில் மருந்து உவமை என்பதைப் படிப்போர் அறிவர். குறளின் இவ்வதிகாரம் உவமையன்று, நேர்க்கூற்று; ஆதலின் இதற்கு உரை சொல்வோர்க்குப் பொறுப்பு மிகுதி.

‘முழுமை நலம்’ என்பதை அதிகாரத்துள் தேடுவோர் முக்குற்றத்தில் நின்றுவிடாது 950ஆம் குறளுக்குச் செல்வது நலம். நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என நான்காக மருத்துவம் அங்கு விரிகிறது. சரக சம்கிதையும் இந்நான்கைக் கூறுகிறது. மருந்தை வேளை தவறாது எடுத்துக் கொடுப்பவரையும் மருத்துவத்தின் உறுப்பாக எண்ணிய அப்பார்வை, அடுக்குமாடி வீடுகளில் முதியோரைப் பேணும் மகளுக்கும் பணிப்பெண்ணுக்கும் இடமளிப்பது. சொற்பொழிவில் இக்குறள் சொல்லப்படவேயில்லை.

கூட்டம் கலைந்தபின் அம்முதியவரை வாயிலருகே கண்டு, தம் மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தவேண்டா என்றோம். “ஐயா, குறளிலேயே இருக்கிறதே” என்றார். அடுத்த எட்டுக் குறள்களையும் அங்கேயே நின்று சொல்லி முடிக்க வேண்டியதாயிற்று.